பத்தொன்பது நூல்

குழு: பாளையங்கோட்டை வீடு

சுதா (காலை 7:12): [படம்] மீனா, டிசம்பரில் ஊருக்கு வரும்போது இந்த மாதிரி குவில்ட் கிட் ஒன்று வாங்கி வர முடியுமா? குவில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை. துணி, படம் போட்ட கையேடு எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கிறதாம். பிரித்துத் தைத்தால் போதுமாம். பணம் அனுப்பிவிடுகிறேன்.

சித்தப்பா: அனைவருக்கும் காலை வணக்கம்.

மீனா: மதினி, வேண்டாம்.

மீனா: இங்கே ஒஹாயோவில் இரவு பத்தாகப் போகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் தூக்கம் வராது.

மீனா: போன வருடம் 130 டாலர் கொடுத்து ஒன்று வாங்கினேன். பெட்டியின் மேல் பெரிய கட்டில், அதில் தரை வரை தொங்கும் குவில்ட். உள்ளே இருந்த துணிக்கு 60க்கு 72 இஞ்ச்தான் வரும். சோபாவில் உட்கார்ந்து காலை மூடிக்கொள்ளலாம். அளவை அடிப்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அம்மா: 130 டாலரா? என்னிடம் 40 என்றாய்.

மீனா: அது வேறு பெட்டி, அம்மா.

மீனா: அந்த 130க்கு மேல்பக்கத் துணி மட்டும்தான். அடியில் போடும் துணி நான்கு கெஜம், நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, இரண்டும் தனிச் செலவு.

சித்தப்பா: 130 டாலருக்கு இங்கே கட்டிலே வாங்கிவிடலாம்.

சுதா: பாப்பாவுக்குத்தானே, சிறிதாக இருந்தால் பரவாயில்லை. வேறென்ன?

மீனா: நகைக்கடைத் தராசில் நிறுத்ததுபோல் துணி வைத்திருக்கிறார்கள். 42 இஞ்ச் அகலத் துணியில் மூன்றரை இஞ்ச் பட்டை வெட்டி, பட்டைக்கு 12 சதுரம் எடு என்கிறது கையேடு. கணக்கு சரிதான். ஆனால் இரண்டு ஓரத்திலும் கரையை நீக்கினால் எனக்குக் கிடைத்தது நாற்பத்தொன்றரை. 11 சதுரம்தான் வந்தது. பட்டைக்குப் பட்டை ஒன்று குறைந்தால் எங்கே போவது?

பெரியம்மா: தையல் கடையைத் திறக்குமுன் ஒன்று கேட்கிறேன். பெட்டியைப் பிரித்ததும் அளந்தாயா, வெட்டிய பிறகு அளந்தாயா?

மீனா: வெட்டிய பிறகு, பெரியம்மா.

பெரியம்மா: சரிதான்.

மீனா: நீலப் பூப்போட்ட துணி இன்னும் கால் கெஜம் தேவைப்பட்டது. கடையில் கேட்டால், அந்த டிசைன் இப்போது வருவதில்லை என்றார்கள். இங்கே பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு அச்சடிப்பார்கள், தீர்ந்தால் அடுத்த டிசைனுக்குப் போய்விடுவார்கள். தேடிப்பிடித்து வேறு ஊரிலிருந்து தபாலில் வரவழைத்தேன். அதே பூ, அதே எண். நீலம் மட்டும் வேறு.

பெரியம்மா: சாயத் தொட்டி மாறியிருக்கும். பள்ளிச் சீருடை தைக்கும்போது இரண்டு சுருள் துணியைக் கலந்துவிட்டு நான் வாங்கிய பேச்சு எனக்குத்தான் தெரியும். அது கிடக்கட்டும், தையலுக்கு எவ்வளவு விட்டாய்?

மீனா: கால் இஞ்ச். மிஷின் பாதத்தின் விளிம்பைத் துணி ஓரத்தில் ஒட்டி ஓட்டினேன்.

பெரியம்மா: எல்லா மிஷினிலும் அந்த விளிம்பு கால் இஞ்சில் நிற்காது. ஸ்கேல் வைத்துப் பார்.

மீனா (7:41): பார்த்துவிட்டேன். அரை நூல் கூடுதலாக இருக்கிறது.

பெரியம்மா: தையலின் இரு பக்கமும் சேர்ந்தால் ஒரு நூல். நீளவாக்கில் எத்தனை சதுரம்?

மீனா: 20.

பெரியம்மா: அப்படியானால் 19 தையல், 19 நூல். எட்டு நூல் ஓர் இஞ்ச். இரண்டு இஞ்ச் மூன்று நூலைத் தையலே தின்றுவிட்டது.

மீனா: ஐயோ! கையேடு சொன்ன நீளத்துக்கு பார்டரை முதலிலேயே வெட்டி வைத்திருந்தேன். மிச்சம் தொங்கக் கூடாது என்று இழுத்துப் பிடித்துத் தைத்தேன், அலையலையாக நெளிந்துவிட்டது. இத்தனை நாளாகத் துணியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மா: பார்டரைக் கடைசியில், குவில்டின் நடுவில் டேப் பிடித்து அளந்துதான் வெட்ட வேண்டும். கையேடு எழுதியவர் உன் மிஷினைப் பார்த்தாரா?

சுதா: முதலில் நனைத்துக் காயப்போட்டுவிட்டு வெட்டினால் என்ன, பெரியம்மா? பிளவுஸ் லைனிங்குக்கு அப்படித்தானே கேட்பீர்கள்?

மீனா: அங்கேதான் மாட்டிக்கொள்வோம், மதினி. பருத்தி நூற்றுக்கு மூன்று சுருங்கினாலே 42 இஞ்சில் ஒன்றேகால் போய்விடும். ஏற்கெனவே அளவு பற்றவில்லை. நனைக்காமல் தைத்தால் சாயம். பக்கத்து வீட்டு அம்மாள் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கிட் தைத்தார். முதல் சலவையிலேயே வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது.

பெரியம்மா: ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்பின் ஓரத்தைத் தேய்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

சித்தப்பா: நான் ஹூப்ளியில் வேலை பார்த்தபோது வீட்டுக்கார அம்மாள் பழைய சேலைகளை வைத்துக் கௌதி என்ற ஒட்டுப்போர்வை தைப்பார். பெட்டியும் கிடையாது, கையேடும் கிடையாது. எனக்கும் ஒன்று கொடுத்தார்.

கார்த்தி: உங்கள் ஸ்கூட்டரை மூடியிருக்கிறதே, அதுவா?

சித்தப்பா: பதினைந்து வருடம் போர்த்திய பிறகுதான் ஸ்கூட்டருக்குப் போனது.

சுதா: எனக்கு நிறம் சேர்க்கத் தெரியாது. அதற்காகத்தான் கிட் கேட்டேன்.

மீனா: அது நியாயம். கிட்டில் எனக்குப் பிடித்ததும் அது ஒன்றுதான். ஆனால் ஒரு வழி இருக்கிறது. அச்சடித்த துணிகள் பலவற்றில் கரையோரம் வரிசையாகச் சின்ன வட்டங்கள் இருக்கும். அந்தத் துணியில் அடித்த நிறங்கள்தான் அவை. பிடித்த பூத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த வட்டங்களின் நிறத்திலேயே மற்றத் துணிகளைச் சேருங்கள். பொருந்திவிடும்.

பெரியம்மா: 35 வருடமாக அந்தப் புள்ளிகளை வெட்டி எறிந்துகொண்டிருக்கிறேன்.

பெரியம்மா: சுதா, கடையில் இரண்டு மூட்டை வெட்டுத்துணி கிடக்கிறது. வந்து பொறுக்கிக்கொள். பருத்தி மட்டும் எடு, பாலியஸ்டர் கலந்தால் இஸ்திரியில் சுருண்டுவிடும். தப்பாக வெட்டினாலும் இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை.

சுதா: இன்று மாலையே வருகிறேன். மீனா, பெட்டி வேண்டாம். துணி வெட்டும் சக்கரக் கத்தியும் கோடு போட்ட ஸ்கேலும் மட்டும் வாங்கி வா.

மீனா: சரி, மதினி.

அம்மா: நீ தைத்தது இப்போது எங்கே இருக்கிறது?

மீனா: அலமாரியில், மேல் தட்டில்.

அம்மா: அந்த 40 டாலர் பெட்டி?

மீனா: அதற்குப் பக்கத்தில்.

சித்தப்பா: மீனா, கத்தியைக் கைப்பையில் வைத்துவிடாதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். செக்-இன் பெட்டியில் போடு.