மரத்தை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஒரே முடிவு, எங்கே தப்பு?

கிராஸ் ஜிஐஎஸ் (GRASS GIS) என்ற வரைபட மென்பொருளில், நோயோ பூச்சியோ எப்படிப் பரவும் என்று கணிக்கும் ஆர்.பாப்ஸ்.ஸ்ப்ரெட் (r.pops.spread) கருவியை ஓட்டிப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

இடம் அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்தின் கரி கவுண்டி. 2001-ல் அங்கே தெரியவந்த ஓக் திடீர்ச் சாவு நோய் (பைட்டோப்தோரா ரமோரம்), முக்கியமாக அடிவாங்குவது டேன்ஓக் மரம். வரைபடக் கட்டத்தின் (செல்) அளவு 100 மீட்டர், வார வாரம் ஒரு படி, பரவலுக்கு காஷி கெர்னல் (நோய் எவ்வளவு தூரம் தாவும் என்பதற்கான வாய்ப்புக் கணக்கு; இதில் அபூர்வமாக வெகுதூரத் தாவலும் வரும்). நோய் கண்ட மரத்தைச் சுற்றி 300 மீட்டருக்கு டேன்ஓக்கை வெட்டி எரிப்பதாகக் கொடுத்தாலும், பத்து வருடம் கழித்து வரும் வரைபடம் சும்மா விட்டதைப் போலவேதான் இருக்கிறது, பழைய இடம் காலியாகிறது, ஆனால் அதற்குள் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நாலு சிவப்புப் புள்ளி முளைத்துவிடுகிறது.

எங்கே எவ்வளவு வெட்டுவது என்று சொல்லும் ராஸ்டரில் (கட்ட வரைபடத்தில்) மதிப்பு 0 முதல் 1 வரைதான், எல்லையும் ப்ரொஜெக்‌ஷனும் சரி. ராண்டம் சீட் (தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்) மாற்றி 50 முறை ஓட்டினேன். வெட்டும் தேதியை மழைக்கு முன்னால் தள்ளினேன், ம்ஹும். வெகுதூரத் தாவல் மிக அரிதாக வரும் எக்ஸ்பொனென்ஷியல் கெர்னல் போட்டால் மட்டும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது, அதுதான் இன்னும் குழப்புகிறது.

காஷியின் நீண்ட வாலை (அந்த வெகுதூரத் தாவல்களை) நம்பி வெட்டுவது வீண் என்று எடுத்துக்கொள்வதா, இல்லை கெர்னலின் தூர அளவை நான் கூடுதலாக வைத்திருக்கிறேனா, இதை எப்படிச் சோதிப்பது?