மரநார் அடைத்த பழைய டெடி கரடி: கழுவலாமா?

காசாளர்58 (கோவை):

வணக்கம். வங்கியில் கேஷ் கவுண்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். டெடி கரடி சேர்க்கிறேன். இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். வீட்டில் இப்போது இருபத்து மூன்று இருக்கின்றன. "ஊரில் எல்லோரும் ஒன்பது நாளில் கொலுவைக் கலைத்துவிடுகிறார்கள், இவர் வைத்த கொலு மட்டும் கலையவே இல்லை" என்பது வீட்டுக்காரம்மாவின் நிரந்தரப் புகார்.

மகள் ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் இருக்கிறாள். முதல் தடவை போனபோது பேரனைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி கீங்கன் போனோம். டெடி கரடி செய்கிற ஸ்டைஃப் கம்பெனியின் ஊர், மியூசியம் இருக்கிறது. பேரன் அரை மணி நேரத்தில் ஐஸ்க்ரீம் கேட்க ஆரம்பித்துவிட்டான். நான்தான் நகரவில்லை. மார்கரெட்டே ஸ்டைஃப் என்ற அந்தத் தையற்காரம்மாவுக்குக் குழந்தையிலேயே போலியோ. சக்கர நாற்காலி, வலது கையும் சரியாக வராது. தையல் மெஷினைத் திருப்பிப் போட்டு இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தாராம். 1880இல் குண்டூசி குத்திவைக்க யானை வடிவத்தில் ஒரு குட்டி மெத்தை தைத்தார். பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு போய் விளையாட ஆரம்பித்தார்கள். 1902இல் அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட், கை கால் அசைகிற கரடியை வடிவமைத்தார். திரும்பும்போது என் பையில் ஒரு கரடி. பேரனுக்கு என்றுதான் வாங்கினேன். கோவைக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

இப்போது விஷயம். போன செப்டம்பரில் உல்மில் பழைய சாமான் சந்தையில் 35 யூரோ கொடுத்து ஒன்று வாங்கினேன். ஒன்றரைச் சாண் உயரம். பொன்னிற மொஹேர் (ஒரு வகை ஆட்டு) ரோமம், வயிற்றில் வழுக்கை விழுந்திருக்கிறது. மூக்கு கருப்பு நூலில் தைத்தது, இடது ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. யாரோ வருடக்கணக்கில் அந்தப் பக்கமாகவே முத்தம் கொடுத்திருக்க வேண்டும். அமுக்கினால் காய்ந்த சருகை மிதித்த மாதிரி நொறுக் நொறுக்கென்கிறது. மல்லாத்தினால் உள்ளே ஏதோ லொடக்கென்று உருள்கிறது, சத்தம் வரவில்லை. இடது காதில் ஸ்டைஃப் பொத்தான் இல்லை.

ஊருக்குக் கொண்டுவந்து ஒரு ஐப்பசி மழை பார்த்ததும் நனைந்த சாக்கு நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. இதைக் கழுவலாமா? அப்புறம், இது உண்மையிலேயே பழசா, இல்லை என்னை ஏமாற்றிவிட்டார்களா?

வாடகைசைக்கிள்:

சார், என் பெண்ணின் கரடியைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி வாஷிங் மெஷினில் விட்டேன். புதுசு மாதிரி வந்தது. காதைப் பிடித்துக் கொடியில் மாட்டியபோது அவள் போட்ட கூச்சல்தான் பிரச்சினை. தைரியமாகப் போடுங்கள்.

ஊசிநூல் (மந்தைவெளி):

போட்டுவிடாதீர்கள் ஐயா! மேலே சொன்னவர் வீட்டுக் கரடிக்குள் இருப்பது பாலியஸ்டர் பஞ்சு. உங்களுடையதில் இருப்பது மரநார். தச்சர் இழைப்புளி போடும்போது சுருண்டு விழுமே, அதைவிட மெல்லிய இழை. தண்ணீர் பட்டால் ஊதும், உள்ளே காயாது, பூசணம் பிடித்து ஒரு மாதத்தில் துணியும் இற்றுப்போகும். எனக்குத் தெரியும், என்னிடம் வந்த முதல் கரடியை நானே அப்படித்தான் கொன்றேன். (பொம்மைகளைச் சரிசெய்து கொடுப்பது என் தொழில்.)

நாற்றத்துக்கு: மூடி போட்ட பெரிய டப்பா ஒன்றில் ஒரு கிண்ணம் சமையல் சோடா வைத்து, கரடியை அதன்மேல் படாமல் உட்கார வைத்து மூடுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை சோடாவை மாற்றுங்கள். அவசரப்பட்டால் நடக்காது. வெயிலில் வைக்க வேண்டாம், மொஹேர் வெளுத்து முறியும். தூசிக்கு, வேக்குவம் கிளீனர் வாயில் பழைய நைலான் துணியைக் கட்டி, குறைந்த வேகத்தில், தொட்டும் தொடாமலும். மேல் அழுக்குக்குக் குழந்தை ஷாம்பூவை அடித்து, நுரையை மட்டும் எடுத்துத் துணியால் ஒற்றுங்கள்.

சந்தையிலிருந்து வந்தது என்பதால் பூச்சி முட்டை இருக்கலாம். நாற்றம் போய் நன்றாகக் காய்ந்த பிறகு பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே வெளியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் ரோமமெல்லாம் வியர்த்துவிடும்.

அந்துருண்டை வேண்டாம், அந்த நாற்றம் போகவே போகாது. நான் பட்டுப்புடவைக்கு வைக்கிற மாதிரி வசம்பைத் துணியில் முடிந்து வைக்கிறேன்.

பனிக்காடு (ஸ்டுட்கார்ட்):

பொத்தான் பற்றி: ஸ்டைஃப் 1904 முதல் இடது காதில் உலோகப் பொத்தான் அடிக்கிறார்கள். பிள்ளை விழுங்கிவிடும் என்று பயந்து பல அம்மாக்கள் பிடுங்கிவிட்டார்கள். எனவே பொத்தான் இல்லை என்பதாலேயே ஸ்டைஃப் இல்லை என்று ஆகாது. ஆனால் பிடுங்கிய தடம் இருக்க வேண்டும். காதின் ரோமத்தை விலக்கி லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

முதுகில் தோளுக்கு நடுவே திமில் இருக்கிறதா? கை முழங்கால் வரை நீண்டு தொங்குகிறதா? அந்தக் காலத்து ஜெர்மன் கரடிக்கு இவை இரண்டும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்துக் கரடிகளில் நம்ம ஊர் மெத்தை போலவே இலவம்பஞ்சு அடைத்தார்கள். அமுக்கினால் சத்தம் வராது, தூக்கினால் லேசாக இருக்கும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. மூக்கை வைத்தால் போடிநாயக்கனூர் ஆச்சி வீட்டுத் தலையணை வாசனை. அதற்காகவே வாங்கினேன்.

லொடக்கென்று உருள்வது உறுமல் பெட்டி. உள்ளே சின்னத் துருத்தியும் அதன்மேல் ஒரு எடையும் இருக்கும். சாய்த்தால் எடை இறங்கிக் காற்றைத் தள்ளும், உர்ர்ரென்னும். துருத்தி கிழிந்திருக்கும், விட்டுவிடுங்கள்.

விலையைப் பற்றிக் கனவு வேண்டாம். டைட்டானிக் மூழ்கிய 1912இல் இங்கிலாந்துக்காக ஸ்டைஃப் செய்த கருப்புக் கரடி ஒன்று 2000இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 91,750 பவுண்டுக்குப் போனது. அப்படிப்பட்டது 35 யூரோவுக்குச் சந்தையில் கிடக்காது.

வயசுக்கு ஒரு சோதனை உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு! இருட்டறையில் காட்டுங்கள். பழைய மொஹேரும் பருத்தி நூலும் மங்கலாகவே இருக்கும். பிற்காலத்துச் செயற்கை நூல் பெரும்பாலும் பளீரென்று ஒளிரும். இடையில் யாராவது சோப்புத்தூளில் கழுவியிருந்தால் பழசும் ஒளிரும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

காசாளர்58 (கோவை):

இத்தனை வருடம் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் காட்டிய விளக்கை நேற்று ராத்திரி கரடிக்குக் காட்டினேன். ஜன்னலில் போர்வை கட்டினேன். வீட்டுக்காரம்மா டார்ச் பிடித்தார், எப்போது அணைக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார்.

உடம்பு முழுக்க மங்கல். முதுகுத் தையல், காது, மூக்கு எதுவும் ஒளிரவில்லை. வலது உள்ளங்கையில் மட்டும் நீல வெள்ளையாக ஒரு கோடு எரிந்தது. பகலில் பார்த்தால் அந்தக் கையின் ஃபெல்ட் துணி மற்ற மூன்றைவிட ஒரு சாயல் கூட. எத்தனை தடவை கையில் எடுத்திருக்கிறேன், கவனித்ததே இல்லை. வங்கியில் இப்படி விட்டிருந்தால் என் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

திமில் இருக்கிறது. கையும் நீளம்தான். காதில் ஓட்டையோ கிழிசலோ இல்லை, லென்ஸ் வைத்து இரண்டு காதையும் தேடிவிட்டேன். ஆக ஸ்டைஃப் என்று சொல்ல வழியில்லை. இரண்டு நிமிடம் வருத்தமாக இருந்தது, அப்புறம் அந்த உள்ளங்கை ஞாபகம் வந்துவிட்டது.

சோடா டப்பாவில் ஆறாவது நாள். நாற்றம் பாதி குறைந்திருக்கிறது. ஊசிநூல் அம்மா, ஒரு கேள்வி. அந்த ஒளிர்கிற தையலைப் பிரித்துவிட்டுப் பழைய மாதிரி பருத்தி நூலில் தைத்துக் கொடுப்பீர்களா?

ஊசிநூல் (மந்தைவெளி):

தைத்துக் கொடுப்பேன், கூலியும் வாங்குவேன். ஆனால் தையல் கெட்டியாக இருக்கிறதா, மரநார் வெளியே வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் பிரிக்க வேண்டாம். படம் ஒன்று போடுங்கள், தையல் உள்பக்கம் திருப்பிப் போட்டதா, மேலோடு போட்டதா என்று பார்க்க எனக்கும் ஆசை.