வேர்ப்பாலம் எப்படிப் பாரம் தாங்குகிறது?

கேள்வி: மேகாலயாவில் காசி பழங்குடி மக்கள் மரவேரை வளர்த்தே பாலம் அமைக்கிறார்களாமே, வேர் எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டு ஆற்றைத் தாண்டுகிறது?

மலையேறி: அது ரப்பர் ஆல், விழுதுவிடும் மரம். இளம் வேர்களை மூங்கில் சாரத்தின் மேலோ, குடைந்த பாக்குமரத் தண்டுக்குள்ளோ விட்டு, எதிர்க்கரை மண்ணைத் தொடும்வரை வழிகாட்டிக்கொண்டே போவார்கள், அப்புறம் அது தானாகப் பருக்கும். ஆள் நடக்கும் பதத்துக்கு வரவே 15 வருஷத்துக்கு மேல் ஆகிவிடும்.

வாசகன்: அவ்வளவு பொறுமை யாருக்கு? பேசாமல் இரும்பில் போட்டுவிடலாமே.

மலையேறி: சிரபுஞ்சிப் பக்கத்து மழையில் இரும்பு துருப்பிடிக்கும், மூங்கில் மக்கும். உயிருள்ள வேர்தான் வருஷாவருஷம் வலுக்கிறது.

தேன்மொழி: மேகாலயாவின் நோங்ரியாட் கிராமத்தில் இருக்கிற இரண்டடுக்கு வேர்ப்பாலம் பார்த்திருக்கிறேன். அங்கே போகிற வழியில் 3000 படிக்கு மேல் இருக்கும், இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை, திரும்பி ஏறும்போதுதான் தெரிந்தது சங்கதி!