கேன்சர் வார்டில் நம்மைத் தாங்கிய சக சிஸ்டர்கள்

சென்னை, கீமோ டே கேர்

நோயாளிகளைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. நாம் சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்ட சக சிஸ்டரைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அவர்களைப் பற்றி எழுதி வைப்போம் என்று தோன்றியது. நானே தொடங்குகிறேன்.

சர்ஜரி வார்டிலிருந்து கீமோ பிரிவுக்கு, அதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் பிரிவுக்கு, மாற்றலாகி வந்த புதிது. திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா ஒருவர், மார்பகப் புற்று. முன்பு மருந்து ஏற்றிய சுற்றுகளிலேயே கை நரம்பெல்லாம் இறுகிக் கறுத்திருந்தது. டாக்ஸோரூபிசின், நோயாளிகள் சொல்லும் ‘சிவப்பு மருந்து’, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ரத்தம் திரும்பி வருகிறதா என்று இடையிடையே பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். பாதியில், “சிஸ்டர், எரியுதும்மா” என்றார். நரம்பில் மருந்து ஏற்றும் குழாயான கேனுலாவுக்குப் பக்கத்தில் லேசான வீக்கம்.

இந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை அரித்து ஆறாத புண்ணாக்கிவிடும். படித்திருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த கட்டிலில் இருந்த நாகர்கோவில் அக்கா என் முகத்தைப் பார்த்தே வந்துவிட்டார். “மருந்த நிறுத்து. கேனுலாவப் பிடுங்காத. காலி சிரிஞ்ச் மாட்டி, வர்ற வரைக்கும் உறிஞ்சி எடு.” குரல் கொஞ்சமும் உயரவில்லை. பேசிக்கொண்டே அந்த அம்மாவின் தோளை ஒரு கையால் தடவிக்கொடுத்தார். டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார், வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்தார், கேனுலாவை எடுத்த பிறகு ஐஸ் பேக் வைத்துக் கையை உயர்த்தி வைத்தார். “டாக்ஸோவுக்குக் குளிர், வின்கிறிஸ்டினுக்குச் சூடு. மாத்திடாத” என்று, இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்து அன்று அவர் சொன்னதை, புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் இன்று சொல்கிறேன்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது சாயங்காலம் நடந்தது. ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. டூட்டி முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பியவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “யார் தப்புன்னு தேடாத. எத்தனை மணிக்கு, எத்தனை எம்எல், என்ன செஞ்சோம், அத மட்டும் எழுது. எவ்வளவு கவனமாப் போட்டாலும் சில கைல இது நடக்கும்.” அடுத்து வந்த நாட்களில் அவருடைய போனிலிருந்தே அந்த அம்மாவை அழைப்போம். கை சிவந்திருக்கா, கொப்புளம் இருக்கா, விரல் மடங்குதா என்று என்னைத்தான் கேட்கச் சொல்வார். புண்ணாகாமல் ஆறிவிட்டது. அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். அன்று அவர் அந்த பஸ்ஸைப் பிடித்துப் போயிருந்தால் நான் மறுவாரமே மாற்றல் கேட்டிருப்பேன்.

யாழ்ப்பாணம்

சென்னை அக்கா எழுதினதை வாசிச்சவுடன எனக்கும் எழுதோணும் போல இருந்தது. இப்ப தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. 2011 இல சனம் தெற்கு அந்தத்தில இருக்கிற தேவேந்திரமுனையில இருந்து வடக்கில பருத்தித்துறை வரைக்கும் நடந்து சேர்த்த காசால கட்டி, 2013 இல திறந்தது. அதுக்கு முந்தி எங்கட சனத்தில கனபேர் சிகிச்சைக்கு கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போனவை. நானும் அங்க வேலை செய்திருக்கிறன்.

எனக்கு அப்ப சிங்களம் சரியா வராது. என்னோட ஒரே வார்டில நிண்ட சிங்களத் தாதி ஒருத்தி, என்னை விட மூத்தவ, முதல் நாளே ‘நங்கி’ (தங்கச்சி) எண்டு கூப்பிட்டுத் தன்ர பக்கத்திலயே வச்சிருந்தவ. வடக்கில இருந்து வாற ஆக்கள் நோவைச் சொல்லத் தெரியாமல் பேசாமல் கிடப்பினம். நான் இரவு டியூட்டி இல்லாத நாள்களில என்ன செய்யிறது எண்டு யோசிச்சு, அவ என்னைக் கொண்டு “எங்க நோகுது?”, “சத்தி வருதா?”, “நித்திரை கொண்டனீங்களா?” எண்டு சொல்லச் சொல்லி, சிங்கள எழுத்தில எழுதி மருந்து வண்டிலின்ர உள்பக்கம் ஒட்டி வச்சவ. பிறகு இரவில நிக்கிற மற்றப் பிள்ளையளும் அதைப் பாத்துக் கேட்கத் தொடங்கிட்டினம். ஊர் நிலைமை மோசமா இருந்த காலம் அது. வார்டுக்குள்ள நான் தனிச்சு நிக்கேல்லை.

மதுரை, குழந்தைகள் பிரிவு

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் செய்யும் ஒரு காரியத்தை எல்லா வார்டிலும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் பெரும்பாலானவர்கள் இன்று பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் வார்டில் நிற்கும் நமக்கு அது தெரிவதில்லை. குணமான பிள்ளை ஓபிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) வந்து, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, ரத்த அணுக்களின் கவுண்ட் பார்த்துவிட்டு, அப்படியே ஊருக்குப் போய்விடும். நம்மிடம் திரும்பி வருவது காய்ச்சலோடு வருகிற பிள்ளை, நோய் மறுபடி வந்த பிள்ளை. வருஷக்கணக்கில் அதையே பார்த்தால், நாம் செய்வதற்கு எந்தப் பலனும் இல்லை என்று மனசு முடிவு கட்டிவிடும். நல்ல நர்ஸுகள் வேலையை விட்டுப் போனதை இதனால்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சிஸ்டர் ஓபி சிஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறார். சிகிச்சை முடித்த பிள்ளை யார் வந்தாலும் வார்டுக்கு ஒரு போன் வரும். அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களில் டூட்டியில் இருப்பவரை, “நான் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா” என்று அனுப்பிவிடுவார். முடி வளர்ந்து, யூனிஃபார்மோடு நின்ற ஒரு பையனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவன் அம்மாதான், “சிஸ்டர், உங்க சாமிக்கண்ணு” என்று, நாங்கள் வார்டில் வைத்த செல்லப் பெயரைச் சொன்னார். அந்த வாரம் நாங்கள் ஒரு குழந்தையை இழந்திருந்தோம். அவனைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்னொன்று: ஒரு குழந்தை இறந்தால், அதைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கு மறுநாள் அதே கட்டிலைத் தர மாட்டார். கேட்டு வாங்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர் மாவட்டம், வீட்டு வலி நிவாரணம்

உங்களுக்கெல்லாம் வார்டு இருக்கிறது. 2021 இல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கிய பிறகு வீடு வீடாகப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு டூட்டி முடிந்து நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்க, ஹேண்டோவர் கொடுக்கக்கூட, எதிரில் ஆளில்லை. பார்த்ததை எல்லாம் சுமந்துகொண்டே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பக்கத்து ஒன்றியத்து சிஸ்டரும் நானும் தினமும் பேசுவோம். முதலில் மாத்திரை கையிருப்பு கேட்கத்தான் பேசினோம். ஒரு தாத்தா, கன்னத்தில் புற்று, வெளியே உடைந்து நாற்றம். திண்ணையில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். தட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். மார்ஃபின் வலியைக் குறைத்தது, ஆனால் அவர் பேச்சையே நிறுத்திவிட்டிருந்தார். அன்று சாயங்காலம் போனில் என்னால் பேச முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் முடியும்வரை அழ விட்டார். பிறகு கேட்டார்: “மெட்ரோனிடசோல் மாத்திரையப் பொடிச்சுப் புண்ணுல தூவிப் பாத்தியா?” கேரளத்தில் பயிற்சி எடுத்தபோது அவர் கற்றது. டாக்டரிடம் கேட்டு, புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவித் தூவினோம். மருமகளுக்கும் செய்யக் காட்டினேன். சில நாளில் நாற்றம் அடங்கியது. அடுத்த முறை நான் போனபோது பேரன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

வேலூர் மாவட்டம்

சுருக்கமாக ஒன்று. நான் உண்டாகியிருந்தபோது வேலை பார்த்த இடத்தில் கீமோ மருந்து கலக்க ஆள் குறைவு. என்னை மாற்றச் சொல்லிக் கேட்டும் மேலே யாரும் காதில் வாங்கவில்லை. கூட இருந்த மூன்று பேரும் அவர்களாகவே பேசி, கலக்குகிற டூட்டி வரிசையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கீமோ போட்டு 48 மணி நேரம் ஆகாத நோயாளியின் சிறுநீர் பாட்டிலைக்கூடத் தொட விடவில்லை. கையுறை இரண்டு அடுக்கு, கவுன், மாஸ்க் என்று விதி உண்டு. விதி இருந்தும் ஆள் இல்லாத இடத்தில் இவர்கள்தான் என் குழந்தையைக் காத்தார்கள். அவளுக்கு இப்போது பள்ளி தொடங்கிவிட்டது.

சென்னை, கீமோ டே கேர்

தஞ்சாவூர் சிஸ்டர், ஹேண்டோவர் கொடுக்க எதிரில் ஆளில்லை என்று நீங்கள் சொன்னதை நான் அப்படியே விட மாட்டேன். வீட்டுப் பணியில் இருக்கும் உங்களுக்கும் டே கேரில் இருக்கும் எங்களுக்கும் நோயாளிகள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். கீமோ நின்ற பிறகு எங்களிடமிருந்து உங்களிடம் வருகிறார்கள். அனுப்பும்போது ஒரு போன் செய்து, அவருக்கு என்ன பிடிக்கும், யார் பேச்சைக் கேட்பார், எந்தக் கையில் நரம்பு இல்லை என்று எங்கள் பிரிவில் சொல்லத் தொடங்குகிறோம். உங்கள் பக்கத்து ஒன்றியத்து சிஸ்டரிடமும் சொல்லுங்கள்.

ஆன்காலஜி நர்சிங்கில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ முடித்தவர்கள் யாராவது இருந்தால், வேலையில் இருந்துகொண்டே விடுப்பு எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் பிரிவில் இரண்டு பேர் படிக்கக் காத்திருக்கிறார்கள்.