வீட்டுக்குச் சின்னதாக ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டி): எந்த போர்டு, எத்தனை டிஸ்க்?

பெட்டிக்குள்பெட்டி கேட்டது:

போட்டோ, வீடியோ, பழைய லேப்டாப் பேக்கப் எல்லாம் நாலைந்து யூஎஸ்பி டிஸ்க்கில் சிதறிக் கிடக்கிறது, எது எதில் இருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது. இப்போதைக்கு மொத்தம் 6 டெராபைட் இருக்கும். இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து, ஜெல்லிஃபினில் (சொந்த வீடியோக்களை வீட்டுக்குள் ஓட்டும் மென்பொருள்) ஒரே நேரத்தில் இரண்டு பேர் படம் பார்க்க முடிந்தால் போதும். புத்தக அலமாரியில் வைக்கப்போவதால் பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், 24 மணி நேரமும் ஓடும் என்பதால் சத்தமும் மின்சாரமும் குறைவாக இருக்க வேண்டும்.

யோசித்து வைத்திருப்பவை: இன்டெல் என்100 (மின்சாரம் குறைவாக எடுக்கும் ப்ராசசர்) போட்ட 6 சாட்டா (டிஸ்க் மாட்டும் போர்ட்) போர்டு, ஐ5-8500 உள்ள பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், இல்லையென்றால் ஒரு மினி பிசியும் 4 டிஸ்க் போடுகிற யூஎஸ்பி பெட்டியும். 4 டெராபைட் டிஸ்க் நான்கு வாங்கி இசட்எஃப்எஸ் (பல டிஸ்க்கைச் சேர்த்து, தகவல் பழுதையும் கண்டுபிடிக்கும் ஃபைல் சிஸ்டம்) போடுவதாகத் திட்டம். இசிசி ராம் (பிட் பிழையைத் தானே திருத்தும் ராம்) இல்லாமல் இசட்எஃப்எஸ் பக்கமே போகாதே என்று ஒருவர் பயமுறுத்துகிறார். எதை எடுக்கலாம்?

கம்பிமுனை:

முதலில் அந்த யூஎஸ்பி பெட்டியை மறந்துவிடுங்கள். தனி டிஸ்க்கில் பேக்கப் எடுக்க யூஎஸ்பி நல்லதுதான், ஆனால் நான்கு டிஸ்க்கும் ஒரே கேபிளில் தொங்கும்போது யூஎஸ்பியைச் சாட்டாவாக மாற்றும் பிரிட்ஜ் சிப் ஒரு தடவை ரீசெட் ஆனால் நான்கும் சேர்ந்து காணாமல் போகும், இசட்எஃப்எஸ் உடனே பூலை (டிஸ்க்குகள் சேர்ந்த ஒரே சேமிப்பிடத்தை) நிறுத்தி வைத்துவிடும். சில பெட்டிகள் டிஸ்க்கின் உண்மையான சீரியல் நம்பரையும் ஸ்மார்ட் என்கிற உடல்நலத் தகவலையும் வெளியே காட்டுவதே இல்லை, எந்த டிஸ்க் சாகப்போகிறது என்று தெரியாமலே ஓட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து என்100. அந்த சிப்பில் இருப்பது 9 பிசிஐஇ 3.0 லேன் (மற்ற பாகங்களுக்குத் தகவல் போகும் பாதை), சொந்தமாக 2 சாட்டா, அவ்வளவுதான். 6 சாட்டா போர்டு என்று விற்கிறார்களே, மீதி போர்ட்கள் ஜேஎம்பி585 அல்லது ஏஎஸ்எம்1166 மாதிரி ஒரு தனி சிப்பிலிருந்து வருகின்றன. அதில் தப்பு ஒன்றுமில்லை. ஒரு 3.0 லேனிலேயே நொடிக்கு 900 எம்பிக்கு மேல் போகும், நாலு ஹார்ட் டிஸ்க்குக்கு அது தாராளம். ஆனால் போர்ட் மல்டிப்ளையர் இருந்தால் வாங்காதீர்கள், அது ஒரே சாட்டா போர்ட்டை ஐந்தாகப் பிய்த்துக் கொடுப்பது. ஒரு டிஸ்க் தகராறு செய்தால் மற்றவையும் சேர்ந்து நிற்கும். விளம்பரத்தில் சிப்பின் பெயர் இல்லையென்றால் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிஸ்க்கில் ஒரே ஒரு விஷயம்: சிஎம்ஆர் (தடங்களைத் தனித்தனியாக எழுதுவது) மட்டும். எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதுவது) டிஸ்க் சாதாரணமாக எழுதும்போது நன்றாகத்தான் இருக்கும், பழுதான டிஸ்க்கை மாற்றி ரீசில்வர் (புது டிஸ்க்கில் தகவலை மறுபடி நிரப்புவது) ஓடும்போதுதான் நாள் கணக்கில் இழுக்கும். 2020இல் நாஸ் டிஸ்க் என்று விற்ற டபிள்யூடி ரெட் மாடல்கள் சிலவற்றிலேயே எஸ்எம்ஆர் இருந்தது வெளியே வந்து பெரிய சண்டையானது, அதற்கப்புறம்தான் ரெட் பிளஸ் என்று சிஎம்ஆரைத் தனியாகப் பிரித்தார்கள். டேட்டாஷீட்டைப் பாருங்கள், அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

சும்மாவாட்:

எல்லோரும் ப்ராசசரிலேயே நிற்கிறீர்கள். மின்சாரம் குறைய வேண்டும் என்றால் முதலில் குறைக்க வேண்டியது டிஸ்க்கின் எண்ணிக்கையை. 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தாலே 3 முதல் 6 வாட் வரை எடுக்கும். நான்கு என்றால் என்100 போர்டு மொத்தமும் சும்மா இருக்கும்போது தின்பதைவிட அதிகமாகப் போய்விடலாம்.

நான்கு 4 டெராபைட்டை ரெய்டு-இசட்1இல் (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தப்பும் அமைப்பு) போட்டால் கிடைப்பது சுமார் 12. இரண்டு 12 டெராபைட்டை மிர்ரர் (இரண்டிலும் ஒரே தகவல்) செய்தாலும் அதே 12. பாதி டிஸ்க், பாதி கேபிள், பெட்டியும் சின்னதாகும், என்100இன் சொந்த 2 சாட்டாவே போதும் என்பதால் அந்த ஜேஎம்பி விவகாரமே இல்லை. ஜேஎம்பி585 மின்சார சேமிப்பு விஷயத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது இருந்தால் ப்ராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவது சிரமம். ஏஎஸ்எம்1166 பரவாயில்லை.

அப்புறம் ஐ5-8500ஐ 65 வாட் என்று பார்த்து ஒதுக்க வேண்டாம். டிடிபி என்பது முழு வேகத்தில் ஓடும்போது தாங்க வேண்டிய வெப்பக் கணக்கு, சும்மா இருக்கும்போது அந்த ஆபீஸ் பெட்டிகளும் ஆச்சரியமாக அடங்கி இருக்கும். அதன் பிரச்சினை வேறு: சின்ன மாடலில் 3.5 இன்ச் டிஸ்க் ஒன்றோ இரண்டோதான் நுழையும், பவர் சப்ளையும் கனெக்டரும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், போனால் கடையில் கிடைக்கிற வேறு ஒன்றை மாட்ட முடியாது.

நேர்பிட்:

இரண்டு பெரிய டிஸ்க் நல்ல யோசனைதான், ஆனால் அலமாரியில் என்று சொல்லியிருக்கிறார், சத்தத்தைக் கவனியுங்கள். பெரிய டிஸ்க்குகள் பெரும்பாலும் 7200 ஆர்பிஎம், எழுதும்போது கடகடவென்று மரப்பலகையே அதிரும். 5400 ஆர்பிஎம் சின்ன டிஸ்க் நான்கு சேர்ந்தாலும் சில சமயம் காதுக்கு இதமாக இருக்கும். ரப்பர் வாஷர் போட்டு மாட்டுகிற பெட்டியாகப் பாருங்கள்.

இசிசி பற்றி: இருந்தால் நல்லது, எந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் நல்லது. இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் அது கட்டாயம் என்பது கட்டுக்கதை. ராமில் ஒரு பிட் புரண்டால் லினக்ஸின் சாதாரண ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4இலும் அது அப்படியே டிஸ்க்குக்குப் போகும், என்ன, அது உங்களிடம் சொல்லாது. உண்மையிலேயே இசிசி வேண்டுமானால் ஐ5-8500 உதவாது, அந்தத் தலைமுறையில் ஐ3-8100, ஐ3-9100க்குத்தான் ஆதரவு உண்டு, அதுவும் சி246 மாதிரி சர்வர் சிப்செட் போர்டில். ரைசனில் கிராஃபிக்ஸ் உள்ள சிப் என்றால் 5650ஜி மாதிரி ப்ரோ வகை தேவை. படம் பார்க்கவும் பேக்கப்புக்கும் நான் அந்த அளவுக்கு மெனக்கெட மாட்டேன். 16 ஜிபி போட்டு, புது ராமை ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்டில் ஓட விடுங்கள், அது போதும்.

பெட்டிக்குள்பெட்டி:

நன்றி நண்பர்களே. இரண்டு டிஸ்க் பக்கம் சாய்ந்துவிட்டேன். பின்னால் இடம் போதவில்லை என்றால்? ரெய்டு-இசட் என்றால் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்று படித்தேனே. 2.5 கிகாபிட் நெட்வொர்க் தேவையா?

கம்பிமுனை:

ரெய்டு-இசட்டில் ஒரு டிஸ்க் சேர்த்து விரிக்கும் வசதி 2025 தொடக்கத்தில் ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3இல் வந்துவிட்டது, சரிதான். ஆனால் மிர்ரரில் இன்னும் சுலபம்: இன்னொரு ஜோடி சேர்த்தால் முடிந்தது, அல்லது இரண்டையும் ஒவ்வொன்றாகப் பெரியதாக மாற்றினால் பூலையும் வளர்க்கலாம். அதனால் 4 இடம் உள்ள பெட்டியே வாங்கி 2ஐ மட்டும் நிரப்புங்கள், போர்டிலும் 4 சாட்டா இருக்கட்டும். ஜோன்ஸ்போ என்2 மாதிரி 5 டிஸ்க் பெட்டி மினி-ஐடிஎக்ஸ் என்கிற சின்ன போர்டு அளவுக்கானதுதான், அலமாரியில் உட்காரும்.

1 கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி சொச்சம் வரும், இரண்டு பேர் படம் பார்க்க அதில் கால்வாசி கூட வேண்டாம். 2.5 என்றால் 280 வரை போகும், ஆனால் சுவிட்சும் லேப்டாப்பும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இப்போது வரும் என்100 போர்டுகள் பலவற்றில் எப்படியும் 2.5 இருக்கும், தனியாகத் தேட வேண்டாம்.

சும்மாவாட்:

ஒன்று விட்டுப்போனது. பவர் சப்ளையைச் சும்மா இருக்கும் கணக்கில் வாங்காதீர்கள். ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நொடிகளில் ஒவ்வொரு டிஸ்க்கும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், நான்கு என்றால் அதற்கே 100 வாட் பக்கம் வந்துவிடும். நல்ல எஸ்எஃப்எக்ஸ் (சின்ன அளவு) சப்ளையாக எடுங்கள். பழைய வகை மோலெக்ஸ் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றுகிற, பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த கனெக்டர்களைத் தொடாதீர்கள், உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தீப்பிடித்த கதைகள் நிறைய.

மிர்ரர் இருக்கிறதே என்று அந்த யூஎஸ்பி டிஸ்க்குகளை அழித்துவிடாதீர்கள். தவறுதலாக டிலீட் செய்தால் மிர்ரர் இரண்டிலும் சேர்த்தே அழிக்கும். முக்கியமான போட்டோக்களை அதில் ஒன்றில் எழுதி வேறு வீட்டில் வைத்துவிடுங்கள்.