இது குருவாகும்படி கடவுள் தரும் அழைத்தலா, வேலையில் வந்த சலிப்பா?

முத்துநகர் பையன்:
தூத்துக்குடி மறைமாவட்டம், வயது 25. சென்னையில் ஐடி வேலை. சின்ன வயதில் பீடச் சிறுவனாக இருந்தபோது யாராவது "சாமியாராகப் போறியா?" என்றால் ஓடிவிடுவேன். இப்போது மாலைப் பூசையில் குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது, குருவாகத்தான் பிறந்தேனோ என்று தோன்றுகிறது. ஊருக்குப் போய் அக்கா பிள்ளைகளைத் தூக்கினால், எனக்கும் ஒரு குடும்பம் வேண்டும் என்று அதே அளவு ஆசை வருகிறது. வேலை வேறு பிடிக்கவில்லை. அதனால்தான் என் மேலேயே சந்தேகம். கல்விக்கடன் பாக்கி இருக்கிறது. அப்பா இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பங்குப்பணியாளர்:
தம்பி, பிள்ளை ஆசை இருப்பதால் அழைத்தல் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த ஆசை துளியும் இல்லாதவர் வந்தால்தான் நான் கூடுதலாக விசாரிப்பேன்.

சலிப்பைச் சோதித்துப் பார்க்கலாம். மனம் வறண்டிருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது புனித இஞ்ஞாசியார் தரும் விதி. வேலையில் பாராட்டு வாங்கிய வாரத்திலும் இந்த எண்ணம் உங்களை விடாமல் இருக்கிறதா, கவனியுங்கள். ஓர் ஆன்ம வழிகாட்டியிடம் தொடர்ந்து பேசுங்கள். இறையழைத்தல் முகாமுக்குப் போய்வாருங்கள், போனதாலேயே எதற்கும் கட்டுப்பட்டவராகிவிட மாட்டீர்கள்.

இன்றே நூறு சதவீதம் உறுதியாக இருக்க வேண்டியதும் இல்லை. குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் தத்துவம் குறைந்தது 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு, குருவுக்கு முந்தைய நிலையான திருத்தொண்டரான பிறகும் குறைந்தது 6 மாதம். அவ்வளவு காலமும் திருச்சபையும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். குருவாக்கும் திருநிலைப்பாட்டுச் சடங்கில் "இவர் தகுதியானவரா" என்று ஆயர் கேட்பது அதனால்தான்.

கடனை முதலில் அடைத்துவிடுங்கள். அடைக்க முடியாத கடன் உள்ளவரைத் துறவற சபைகள் தங்கள் தொடக்கப் பயிற்சி நிலையான நவதுறவகத்தில் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 644 சொல்கிறது.

முன்னாள் குருமாணவன்:
நான் தத்துவம் முடித்ததும் வெளியே வந்தவன். இப்போது ஆசிரியர், இரண்டு பெண் பிள்ளைகள். குருமடத்தில் கற்ற செபமும் ஒழுங்கும் இன்றும் கூடவே இருக்கின்றன. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஊரில் விருந்து வைத்து, பிளெக்ஸ் கட்டி உங்களை அனுப்ப விடாதீர்கள். இது நம் வழி இல்லை என்று தெளிவான பிறகும் பல பேரைத் திரும்ப விடாமல் பிடித்துவைப்பது அந்தக் கூட்டத்தின் முகம்தான். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட நம் தேவசகாயம் குடும்பஸ்தர், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குமரி அம்மா:
மக்களே, உன் அம்மாவிடம் கடைசியாகப் போய்ச் சொல்லாதே. என் மகன் எல்லாம் முடிவான பிறகுதான் சொன்னான். அவன் குருமடம் போனதைவிட, அத்தனை நாள் என்னிடம் மறைத்ததுதான் எனக்கு வலித்தது. குழப்பமாக இருக்கும்போதே சொல், சேர்ந்து செபிப்பாள். அப்புறம், மறைமாவட்டக் குருக்கள் துறவற சபையினரைப்போல் ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்ற உறுதிமொழி, கொடுப்பதில்லை. அம்மாவுக்கு உன் கை உதவி வேண்டும் என்றால், சபையா மறைமாவட்டமா என்று யோசிக்கும்போது அதையும் கணக்கில் எடு.

முத்துநகர் பையன்:
எல்லோருக்கும் நன்றி. இந்த வாரமே அம்மாவிடம் பேசுகிறேன். ஃபாதர், ஆன்ம வழிகாட்டி எங்கள் மறைமாவட்டத்துக்காரராகத்தான் இருக்க வேண்டுமா?

பங்குப்பணியாளர்:
தேவையில்லை. மாதம் ஒருமுறையாவது நேரில் பார்க்க முடிகிற ஒருவரைச் சென்னையிலேயே தேடுங்கள். மறைமாவட்டக் குருவாக விரும்பினால் விண்ணப்பம் மட்டும் தூத்துக்குடிக்குப் போகட்டும்.