கோணம் ஒன்று, தரம் ஒன்று, இரண்டு வைரங்களின் மின்னல் மட்டும் ஏன் வேறு?

தோடுப்பிரியை:
தோட்டுக்காக அரை காரட்டில் இரண்டு வட்ட வைரங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டின் ஜி.ஐ.ஏ. (வைரங்களைத் தரம்பிரிக்கும் அமெரிக்க நிறுவனம்) சான்றிதழிலும் மேற்பகுதிக் கோணம் 34.5 பாகை, அடிப்பகுதிக் கோணம் 40.8 பாகை, வெட்டுத் தரமும் 'எக்ஸலன்ட்'. ஆனால் ஜன்னலோரம் ஆட்டிப் பார்த்தால், ஒன்று அகல அகலமாகப் பளிச்சிடுகிறது. மற்றது கற்கண்டை நொறுக்கித் தூவியதுபோலப் பொடிப்பொடியாக மின்னுகிறது. இவை ஜோடி சேருமா?

பட்டறைக்காரன்:
சகோதரி, சான்றிதழ்ப் படத்தில் கல்லின் அடிப்பகுதியை ஒட்டி 75%, 80% என்பதுபோல ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். அடிப்பகுதியில் எட்டுப் பெரும்பட்டைகளும், அவற்றின் இடையே கர்டிலிலிருந்து, அதாவது மேற்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பிலிருந்து, அடிநுனியை நோக்கி இறங்கும் பதினாறு 'லோயர் ஹாஃப்' பட்டைகளும் உண்டு. அந்தப் பதினாறும் எவ்வளவு தூரம் இறங்குகின்றன என்பதே அந்த எண். அவை நீள நீளப் பெரும்பட்டைகள் ஊசிபோல ஒடுங்கி, ஒளி சிறு சிறு துணுக்குகளாகச் சிதறும். குறைவாக இறங்கினால் பெரும்பட்டைகள் அகன்று, கீற்றுகள் எண்ணிக்கையில் குறைந்தாலும் பெரிதாகி, வானவில் நிறங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மேலிருந்து பார்க்கையில் எட்டுக் கறுப்பு அம்புகள் தெரிகின்றனவே, அவை அந்தப் பெரும்பட்டைகளில் பிரதிபலிக்கும் உங்கள் தலையேதான். அம்பு தடித்திருந்தால் எண் குறைவு என்று சான்றிதழைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

தோடுப்பிரியை:
பார்த்தேன் ஐயா. ஒன்று 75, மற்றது 85. இரண்டும் எப்படி ஒரே தரம் பெற்றன?

லென்ஸ்கண்:
இரண்டும் அந்தத் தரத்துக்குரிய வரம்புக்குள்தான் வருகின்றன. இதில் ஒன்று மற்றதைவிட மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அச்சிட்ட எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். அடிப்பகுதிக் கோணம் எட்டுப் பட்டைகளின் சராசரியை 0.2 பாகைக்கு முழுமையாக்கியது, லோயர் ஹாஃப் நீளம் 5 சதவீதத்துக்கு முழுமையாக்கியது. ஆகவே இரண்டிலும் 80 என்று போட்டிருந்தாலும் வித்தியாசம் இருக்கக்கூடும். பத்து மடங்கு லென்ஸில் கர்டிலைப் பக்கவாட்டில் சுற்றிப் பாருங்கள். அதன் தடிமன் அலையலையாகப் பெருத்தும் சிறுத்தும் வந்தால், எடையைக் காக்கவோ குறையொன்றை நீக்கவோ ஓரப் பட்டைகளைச் சாய்த்துத் தீட்டியிருக்கக்கூடும். அதுவும் ஓரத்து ஒளியை மாற்றும்.

பட்டறைக்காரன்:
தோட்டைப் பிறர் நாலடி தள்ளி நின்றே பார்ப்பார்கள், அந்தத் தூரத்தில் பெரிய கீற்றுதான் எடுபடும். நானாக இருந்தால் 85ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு 75ஐக் கேட்பேன். கடையின் ஸ்பாட் விளக்கின் கீழ் மட்டும் ஒப்பிடாதீர்கள், அங்கே எந்தக் கல்லும் ஜொலிக்கும்.